கடைசிப் பாட்டுக்கு முன்னம்

கிற்றாரை டிக்கியிலை வைக்காதையும் பிள்ளை. பின் சீற்றிலை சாய்ச்சு வைச்சு, பெல்ற்றையும் போட்டுவிடும். ஓம், கிற்றாருக்குத்தான் பெல்ற். சிரியாதையும். இந்தக் குளிருக்கு டிக்கிக்குள்ளை கிடந்தால் மரம் வெடிச்சுப்போம். ரக்சிக்காரனுக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும் எண்டு பாக்கிறீர், என்ன? நான் கிற்றார் ஏத்தி இறக்கத் தொடங்கேக்கை நீர் பிறந்திருக்கவே மாட்டீர்.

நீர் முன்னுக்கு ஏறும். பின்னுக்கு இருந்தால் எனக்குத் திரும்பித் திரும்பிக் கதைக்கக் கழுத்து நோகும். போனிலை ஆரணி எண்டு பேர் விழுந்தவுடனை நினைச்சனான், இது எங்கட பிள்ளைதான் எண்டு. அப்பா அம்மா எவடம்? கரவெட்டியோ. நல்லது. நாங்கள் மாதகல். கடலுக்குப் பக்கத்திலை வீடு. இப்ப ஆரும் இல்லை அங்கை.

போற இடத்துக்கு எனக்கு வழி சொல்லத் தேவையில்லை. இந்த மலைவெளியைத் தாண்டி, ஆத்துப் பாலம் கடந்து, குடிக்கிற பப்புக்கு மேல்மாடி. இண்டைக்கு நோர்மன் பெல்வுட்டின்ர நினைவுக் கூட்டம், அதுக்குத்தானே போறீர்? யோக் ரயில் ஸ்ரேசனிலை நிக்கிற மற்ற ரக்சிக்காரரைக் கேட்டுப் பாரும், நோர்மன் ஆரெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. என்னைக் கேளும். இந்த நாடு முழுக்க அந்த மனுசனை ஏத்தித் திரிஞ்சது நான்தான். அவற்ர பாட்டு எனக்குத் தெரியும், இருமல் தெரியும், எந்த ஊர் வாய்க்காலுக்குப் பக்கத்திலை ஒண்டுக்கு நிப்பாட்டச் சொல்லுவார் எண்டும் தெரியும்.

எண்டாலும் கோவம் கோவம்தான். செத்த மனுசனிலை கோவம் வைச்சிருக்கக் கூடாது எண்டு என்ர மனுசி சொல்லுவா. அவ சொல்லுவா. அவவின்ர தம்பியின்ர கதையையோ அவர் ஊர் முழுக்கச் சொல்லித் திரிஞ்சவர்? என்ர தம்பியின்ர கதை. சரி, அது இருக்கட்டும், முதல்லையிருந்து சொல்லுறன். நேரம் கிடக்கு.

நோர்மன் ஹல் துறைமுகப் பக்கத்து ஆள். தகப்பன் மீன் கப்பலிலை போனவர். இவரும் பள்ளிக்கூடத்தை விட்டுப்போட்டு மீன் துறையிலை பெட்டி தூக்கினவர். பெட்டி தூக்கினபடியே பாட்டுக் கட்டுவாராம். தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே கிற்றார் அடிச்சுப் பாடுவார். இளந்தாரி வயசிலை ஒரு ரெக்கோட் வந்தது. அதிலை மீன் வெட்டிற பொம்பிளையளைப் பற்றி ஒரு பாட்டு. அந்தக் கோடை முழுக்க ரேடியோவிலை அதுதானாம். ரீவியிலையும் ஒருக்காக் காட்டினவை. அந்தப் படம் என்னட்டைக் கிடக்கு. தலைமயிர் தோளிலை விழுந்து, பெட்டையோ எண்டு நினைப்பீர்.

அதோடை ரெக்கோட் கொம்பனிக்காரருக்கு ஆசை வந்திட்டுது. மேளம் வை, மினுங்கிற சேட்டுப் போடு, காதல் பாட்டு எழுது எண்டு நிண்டிருக்கினம். இவர் ஏலாது எண்டிட்டார். சொன்னால் கேக்கிற ஆள் இல்லை. இரண்டாவது ரெக்கோட் விலைப்படேல்லை, கொம்பனி கையைக் கழுவிவிட்டுது. கட்டின மனுசியும் விட்டிட்டுப் போயிட்டா. பிறகென்ன, குடிதான். குடிச்சுக் குடிச்சு ஒருநாள் வலிப்பு வந்து பாட்டுக்கு நடுவிலை விழுந்திட்டார். அண்டைக்கு விட்டவர்தான் குடியை, பிறகு தொடேல்லை. ஆனால் வலிப்பு வாற ஆளைக் கார் ஓட விடமாட்டினம். இந்த மாதிரிப் பாட்டுக்காரருக்குக் கார் இல்லாட்டி சீவியமே இல்லைப் பிள்ளை. இண்டைக்கு ஒரு மலைக்கிராமம், நாளைக்கு ஒரு கடற்கரை. பஸ் போகாத இடமெல்லாம் பாட்டு இருக்கும்.

அப்பிடித்தான் நான் வந்து சேர்ந்தன். ரக்சி ஓடத் தொடங்கின புதுசு. ஒரு பின்னேரம் கிற்றாரும் கையுமாய் ஏறினார். போய் இறக்கினன். திரும்பிப் போக வாகனம் இல்லை, நிண்டு கூட்டிக்கொண்டு போறியோ எண்டு கேட்டார். நிண்டன். அண்டையிலிருந்து நிண்டதுதான்.

அந்த முதல்நாள் மேலை ஏறிப் பாத்திட்டு எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. எங்கட கச்சேரி மாதிரி மேடையும் இல்லை, மைக்கும் இல்லை. பப்புக்கு மேலை ஒரு அறை. உடைஞ்ச கதிரையள். முதல்லை ஊர்ச்சனம் எழும்பி எழும்பிப் பாடுது, ஒருத்தர் கண்ணை மூடிக்கொண்டு, ஒருத்தர் ஒரு காதைப் பொத்திக்கொண்டு. இடையிலை அதிஷ்டச் சீட்டு இழுத்து ஒரு பிஸ்கற் ரின் குடுக்கினம். அதுக்குப் பிறகுதான் வந்த விருந்தாளி பாடுவார். பாட்டெல்லாம் செத்தவீடுதான். கப்பல் மூழ்கினது, காதலனைத் தூக்கிலை போட்டது, பிள்ளையைப் பறிகுடுத்தது. ஒவ்வொரு பாட்டிலையும் திரும்பித் திரும்பி வாற அடியைச் சனம் முழுக்கச் சேர்ந்து பாடும். எங்கட ஒப்பாரி மாதிரித்தான், ஆனால் கையிலை பியர் வைச்சுக்கொண்டு.

சிரிச்சன் எண்டு சொன்னன். ஆனால் அவர் பாடேக்கை சிரிப்பு நிண்டிட்டுது. அதையும் சொல்லத்தான் வேணும்.

என்ர வேலை என்னெண்டால், காசுப் பெட்டியோடை பின்னுக்கு மேசையிலை இருந்து சீடி விக்கிறது. பிறகு காரைப் பாக்கிறது. அவர் பாடி முடிய உடம்பு வேர்த்துத் தோய்ஞ்சிருக்கும். அந்த வேர்வையோடை குளிர் காருக்குள்ளை ஏறினால் நெஞ்சிலை சளி கட்டிப்போடும். சளி கட்டினால் அடுத்த ஊரிலை பாட்டில்லை. முதல் மாரியிலையே கண்டுபிடிச்சன் நான். ஆகவே கடைசிப் பாட்டுக்கு முன்னம் அவர் சுருதி பாக்கத் தொடங்கினவுடனை நான் எழும்பிடுவன். கீழை போய், கண்ணாடியிலை உறைஞ்ச பனியைச் சுரண்டி, காரை வாசலிலை கொண்டுவந்து விட்டு, இஞ்சினைப் போட்டு, ஹீற்றரை முழுக்கத் திருப்பிவிட்டிட்டு இருப்பன். அவர் இறங்கி வரேக்கை கார் அடுப்படி மாதிரிச் சூடாய் இருக்கும். ஒருநாளும் தவறினதில்லை. மழையோ, பனியோ, எனக்குக் காய்ச்சலோ, தவறினதில்லை. அந்த மனுசன் அவ்வளவு காலம் பாடினது அவற்ர தொண்டையாலை மட்டும் எண்டோ நினைக்கிறீர்?

ஓம், அதாலை நான் கடைசிப் பாட்டு ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டென்ன, எல்லாம் பாட்டுத்தானே. இஞ்சினும் ஹீற்றரும் போடுற சத்தத்துக்குள்ளாலை, மேல் யன்னலாலை சனம் சேர்ந்து பாடுறது மட்டும் கேக்கும். மெட்டுத் தெரியும். சொல்லுத் தெரியாது. ம்ம்ம்... ம்ம்... ம்ம்ம்... இதுதான். பேரனை நித்திரையாக்கிறதும் இதாலைதான். வேற தாலாட்டு எடுபடாது அவனுக்கு.

இந்தா, இந்த வெளியைப் பாரும். இதுதான் இடம். அந்தக் கல்மதிலுக்குப் பக்கத்திலை ஒருநாள் மத்தியானம் கார் நிண்டிட்டுது. சரியான ஸ்னோ, பனி கொட்டினது. இழுத்துக்கொண்டு போற வண்டி வர நேரம் செல்லும் எண்டிட்டாங்கள். போர்வையைச் சுத்திக்கொண்டு இரண்டு பேரும் உள்ளுக்கை இருக்கிறம். சும்மா இருக்க ஏலாமல் கேட்டார், தவா, உனக்குச் சகோதரங்கள் இருக்கினமோ எண்டு.

அதுவரைக்கும் ஆரும் என்னட்டை அப்பிடிக் கேட்டதில்லை. எங்கட ஆக்கள் கேக்கமாட்டினம், எல்லார் வீட்டிலையும் ஒரு கதை கிடக்கு. வெள்ளைக்காரர் கேக்கமாட்டினம், மரியாதை. இவர் கேட்டார். நான் சொல்லிப்போட்டன்.

தம்பி ஒருத்தன். குகதாசன். குகன் எண்டுதான் கூப்பிடுறது. நான் ஊரை விட்டு வெளிக்கிட்ட அண்டைக்கு, பொழுதுபடுற நேரம், வள்ளம் நிக்கிற கடற்கரை வரைக்கும் அவன் சைக்கிளிலை கொண்டுவந்து விட்டவன். நான் அவசரத்திலை வேலியாலை ஏறிக் குதிச்சதிலை முள்ளுக்கம்பி கொழுவி என்ர சேட்டு முதுகாலை கிழிஞ்சுபோச்சு. கிழிஞ்ச சேட்டோடை என்னெண்டு போறது? அவன் தன்ர சேட்டைக் கழட்டித் தந்தான். நீலச் சேட்டு. திருவிழாவுக்கெண்டு வேண்டினது, இரண்டாந்தரம் அண்டைக்குத்தான் போட்டவன். போட்டுக்கொண்டு போ அண்ணை, வரேக்கை கொண்டு வா எண்டான். வள்ளம் வெளிக்கிட, அவன் வெறும்மேலோடை தண்ணிக்குள்ளை நிண்டு கையைக் காட்டினான். மேலிலை சேட்டில்லாமல் அப்பிடியே சின்னனாய்ப் போய்க்கொண்டிருந்தான். அவ்வளவுதான் நான் கண்டது.

அடுத்த வரியம் சந்தைக்கெண்டு போனவன் வரேல்லை. ஆர் கொண்டு போனது, எங்கை, ஒண்டும் தெரியாது. அம்மா சாகும்வரைக்கும் படலையைச் சாத்த விடேல்லையாம். அந்தச் சேட்டும் என்னட்டை இல்லை. வரேக்கை இடையிலை ஒரு நாட்டிலை, விமானநிலையத்திலை, களவாய்க் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் எல்லாரையும் புதுக் கோட்டுப் போடச் சொல்லிப் பழசைக் குப்பைக்குள்ளை போடவைச்சான். போட்டன். போடாட்டி விட்டிட்டுப் போயிடுவான். தம்பி கேட்டால் என்னத்தைக் குடுக்கிறது எண்டு நான் இண்டைக்கும் யோசிக்கிறதுதான், கேக்க அவன் இல்லாட்டியும்.

இதெல்லாத்தையும் அந்த ஸ்னோவுக்குள்ளை இருந்து கொட்டினன். இன்னும் என்னென்ன சொன்னன் எண்டு எனக்கே ஞாபகமில்லை. சேட்டுக் கதை மனுசிக்கும் சொன்னதில்லை. அவரிட்டை மட்டும்தான் சொன்னன். அவர் என்ன சொன்னார் தெரியுமோ? ஒண்டும் சொல்லேல்லை. ஒரு வாத்தை, அடடா எண்டு, பாவம் எண்டு, ஒண்டுமில்லை. யன்னலாலை வெளியைப் பாத்துக்கொண்டு இருந்தார். வண்டி வந்தது, இழுத்துக்கொண்டு போனது. அதுக்குப் பிறகும் அதைப் பற்றி வாய் திறக்கேல்லை. எனக்கு மனம் விட்டுப்போச்சு. அவ்வளவத்தையும் சொல்லி அழுதிருக்கிறன், கல்லு மாதிரி இருக்கிறாரே மனுசன் எண்டு. வெள்ளைக்காரற்ர நெஞ்சு அப்பிடித்தான் எண்டு என்னை நானே தேத்திக்கொண்டன்.

அந்த மாரி முடியத்தான் கடைசிப் பாட்டு மாறினது. அதுவரைக்கும் மீன் வெட்டிற பொம்பிளையளின்ர பாட்டுத்தான் கடைசி, சனம் அதுக்குத்தானே வாறது. திடீரெண்டு அதை முன்னுக்குப் போட்டிட்டு, கடைசிக்கு ஒரு புதுப்பாட்டு. என்ன பாட்டெண்டு எனக்குத் தெரியாது. ஆனால் ஏதோ சரியான பாட்டு எண்டு விளங்கினது. சனம் இறங்கி வாற வடிவிலையே தெரியும். முந்தியெல்லாம் சிரிச்சுக் கத்திக்கொண்டு வருவினம். இப்ப பேசாமல் வருவினம். சிலபேர் காருக்குக் கிட்ட வந்து யன்னலாலை என்ர தோளைத் தொட்டிட்டுப் போவினம். பியர் கூடினால் வெள்ளைக்காரருக்கு அன்பும் கூடும் எண்டு நினைச்சன்.

அந்த நாளையிலை ஒருக்காக் கேட்டார், தவா, இண்டைக்குக் கடைசிப் பாட்டுக்கு இரன் எண்டு. கார் குளிர்ந்துபோம் எண்டன். பேந்தும் ஒருநாள் கேட்டார். நெஞ்சிலை சளியை வைச்சுக்கொண்டு என்ன கதை கதைக்கிறியள் எண்டு ஏசினன். பிறகு கேக்கேல்லை.

இதிலைதான் எனக்கு முதல் எரிச்சல். என்ர மேசைக்கு வந்து எல்லாரும் கேக்கிறது ஒண்டுதான், கடைசிப் பாட்டு எந்தச் சீடியிலை கிடக்கு? ஒண்டிலையும் இல்லை. அவர் அதை ரெக்கோட் பண்ணேல்லை. ஆரும் போனிலை எடுத்தாலும் எடுக்காதேங்கோ எண்டு கும்பிட்டுக் கேப்பார். விக்கிற சரக்கைப் பெட்டிக்குள்ளை பூட்டி வைச்சுக்கொண்டு, விலைப்படாததைக் கடையிலை பரப்பி வைக்கிற ஆளை எங்கையாவது கண்டிருக்கிறீரோ? பிறகு ஒரு பெரிய கொம்பனி வந்தது. அந்த ஒரு பாட்டைத் தாங்கோ, புதுப்பாட்டுக்காரி ஒருத்தியும் சேர்ந்து பாடுவா, உங்கட பழைய ரெக்கோட் எல்லாத்தையும் திரும்பப் போடுறம் எண்டு. கிழட்டு வயசிலை கதவைத் தட்டின அதிஷ்டம். மனுசன் மாட்டன் எண்டிட்டார். ஏன் எண்டு கேட்டால், அது என்ர பாட்டில்லை எண்டார்.

பாத்தீரோ? என்ர பாட்டில்லையாம். அப்ப ஆற்றையோ பாட்டைத் திருடிப் பாடுறார் எண்டுதானே கருத்து. அண்டைக்கு வாற வழியிலை நான் விடேல்லை. ஆற்ற பாட்டோ அந்த ஆளிட்டைக் கேட்டு வேண்டுங்கோவன், ஒரு பாட்டுத்தானே, குடுக்காமல் விடுவானோ எண்டன். குடுப்பான் எண்டு நினைக்கிறியோ எண்டு கேட்டார். நேரை முகத்தைப் பாத்துக் கேட்டால் குடுப்பான், ஒளிச்சு வைச்சால்தான் கோவிப்பான், நானெண்டால் அப்பிடித்தான் எண்டன். மனுசன் என்ர பக்கம் திரும்பினார். தவா எண்டார். வாயைத் திறந்தார். நான் சந்தி வருது எண்டு கண்ணாடியைப் பாத்துக்கொண்டு, சொல்லுங்கோ எண்டன். பிறகு, இதிலை இடப்பக்கம் திரும்போணும் எண்டார். எனக்குத் தெரியாத இடமோ அது? அவற்ர வீட்டு ஒழுங்கை!

அப்பிடியே காலம் போச்சு. பெரிய ஊர்களெல்லாம் விட்டுப்போச்சு. பேந்து சின்னப் பப்புகள், முதியோர் இல்லங்கள், ஆற்றையேன் வீட்டு முன்னறை. கேக்கிறதுக்குப் பத்துச் சனம். அதிலையும் கடைசிப் பாட்டு இருந்தது, அதிலையும் நான் எழும்பிப் போய்க் காரைச் சூடாக்கினன்.

இனித்தான் அந்தச் சேட்டுக் கதை.

விற்பி எண்ட கடற்கரை ஊரிலை ஒரு மாரிநாள். நான் வழமைபோலை காருக்குள்ளை. மேலை பாட்டு முடிஞ்சு சனம் இறங்குது. ஒரு வயசுபோன மனுசி வந்து யன்னலைத் தட்டினா. இறக்கினன். ஒரு பார்சலை நீட்டினா. திறந்து பாத்தால் சேட்டு. புத்தம் புது நீலச் சேட்டு, மடிப்புக் குலையாமல். உங்கட தம்பி வந்து கேக்கேக்கை குடுங்கோ எண்டு சொல்லிப்போட்டு, என்ர கையை இரண்டு கையாலையும் பொத்திப் பிடிச்சுக்கொண்டு நிண்டா. என்ர தம்பியை இந்த மனுசிக்கு என்னெண்டு தெரியும்? சேட்டை என்னெண்டு தெரியும்? இந்த உலகத்திலை நான் ஒருத்தரிட்டைத்தானே சொன்னது?

அவர் இறங்கி வந்து கதவைத் திறந்தார். சேட்டைக் காட்டினன். என்ர தம்பியின்ர கதையைச் சொன்னனீங்களோ எண்டு கேட்டன். ஓம் எண்டார். இந்த மனுசிக்கு மட்டுமோ எண்டன். இல்லை, எல்லாருக்கும், ஒவ்வொரு நாளும் எண்டார். வெக்கமில்லாமல் சொல்லுறார், ஒவ்வொரு நாளுமாம்! தவா, நீ ஒருக்கா மேலை வந்திருந்தியெண்டால் எண்டு தொடங்கினார். வாயை மூடுங்கோ எண்டன். அப்பிடி நான் அவரைப் பேசினதில்லை. பிச்சைக்காரன்ர புண்ணைக் காட்டிறமாதிரி என்ர தம்பியைக் காட்டித்தானோ உங்களுக்குக் கைதட்டல் எண்டு கேட்டன். காருக்குள்ளை சூடு, அவ்வளவு சூடு, இரண்டு பேரும் கண்ணாடியைப் பாத்துக்கொண்டு வந்தம். வாசலிலை இறக்கி, கிற்றாரை எடுத்துக் குடுத்திட்டு, இனி வேற ஆளைப் பாருங்கோ எண்டிட்டு வந்திட்டன்.

நீரே சொல்லும், நான் செய்தது பிழையோ? ஒரு மனுசன் தன்ர நெஞ்சுக்குள்ளை வைச்சிருந்ததை நம்பிச் சொன்னால், அதை நாலுபேருக்குச் சொல்லிச் சிரிக்கிறதோ? சரி, சிரிக்கேல்லை. அழுதினமோ என்னவோ. எனக்கு அவையின்ர அழுகை வேண்டாம். எனக்கு அவர் ஒரு வாத்தை சொல்லியிருந்தால் காணும்.

அந்த மாரி அவர் ரயிலிலையும் பஸ்ஸிலையும் பாடத் திரிஞ்சவர். இந்த வயசிலை, கிற்றாரையும் தூக்கிக்கொண்டு, வேர்வையோடை பஸ் தரிப்பிலை நிண்டால் என்ன நடக்கும்? நான் சொன்னதுதான் நடந்தது. நெஞ்சிலை சளி கட்டிப்போச்சு. இடையிலை ஒருநாள் என்ர வீட்டுக்கு வந்திருக்கிறார். நான் உள்ளுக்கைதான் இருந்தனான், நித்திரை எண்டு சொல்லும் எண்டு மனுசிக்குச் சைகை காட்டினன். வாசலிலை நிண்டு அவவிட்டைச் சொன்னாராம், சனிக்கிழமை பாட்டு இருக்கு, தவாவைக் கடைசிப் பாட்டுக்கு வரச் சொல்லுங்கோ எண்டு. கெஞ்சிக் கேட்டாராம். பாத்தீரோ மனுசனை? வந்தது மன்னிப்புக் கேக்க இல்லை, கார் கேக்க! கடைசிப் பாட்டு நேரம் காரைக் கொண்டுவந்து வாசலிலை விடவேணும், அதுதானே அவருக்கு என்னாலை தேவை. நான் போகேல்லை. அதுதான் அவர் பாடின கடைசி நாள் எண்டு பிறகுதான் தெரியும்.

ஆஸ்பத்திரிக்கு ஒருக்காப் போனன். போகாமல் இருக்க ஏலுமோ? அவ்வளவு காலம். தொண்டைக்குள்ளாலை குழாய் விட்டிருந்தினம், கதைக்க ஏலாது. நான் பக்கத்திலை இருந்தன். என்ர சேட்டுக் கொலறைப் பிடிச்சார். பிடிச்சுக்கொண்டு கண்ணாலை தண்ணி ஓடுது, விடுறார் இல்லை. ஏதோ சொல்ல நினைச்சார். தாதி வந்துதான் கையை எடுத்துவிட்டவ. குளிருதாக்கும் எண்டு நினைச்சு நான் போர்வையை இழுத்து மூடிவிட்டிட்டு வந்தன். மூண்டாம்நாள் போயிட்டார். வீட்டை வந்து அழுதன் பிள்ளை. கோவத்தோடைதான் அழுதன். அழுகை எண்டால் அழுகைதான்.

செத்தவீட்டிலை சனமெண்டால் சனம். எங்கையிருந்து வந்ததோ. சாகும்வரைக்கும் பத்துப்பேருக்குப் பாடின மனுசனுக்கு உள்ளுக்கை நிக்க இடமில்லை. முடிவிலை எல்லாரும் எழும்ப, கடைசிப் பாட்டை ஒரு தாடிக்காரர் சுருதி பாத்துத் தொடங்கப்போனார். என்ர கால் தன்பாட்டிலை எழும்பிட்டுது. வெளியிலை வந்து காரிலை ஏறி, இஞ்சினைப் போட்டு, ஹீற்றரைத் திருப்பிவிட்டிட்டு இருந்தன். ஆருக்கு எண்டு கேளும். வர ஆளில்லை. சும்மா சூடாக்கிக்கொண்டு இருந்தன், உள்ளுக்கை சனம் சேர்ந்து பாடுது.

இந்தா, பாலம் வந்திட்டுது. அங்காலை தெரியிற வெளிச்சம்தான் பப்பு. இண்டைக்கு ஆர் கடைசிப் பாட்டுப் பாடுவினமோ தெரியாது... ஆர், நீரோ? நீரோ பாடப்போறீர்? அடி சக்கை! இவ்வளவு நேரமும் சொல்லாமல் இருந்தனீரே! ரெக்கோட்டும் இல்லாத பாட்டை ஆரிட்டைப் பழகினனீர்? ஒருத்தர் பாடக் கேட்டு ஒருத்தரோ. ஓம், அது இவையின்ர வழக்கம், வாயாலை வாய்க்குப் போகும். அப்ப நல்லதாய்ப் போச்சு, அது ஆற்ற பாட்டு எண்டாவது உமக்குத் தெரியுமோ?

ஏன் என்ர முகத்தையே பாக்கிறீர்? நான் கனக்கக் கதைச்சிட்டனோ?

என்ன கேட்டனீர்?

பொத்தானோ? எந்தப் பொத்தான்?

பொறும். பொறும் பிள்ளை, காரை ஓரங்கட்டுறன்.

ஓம். மூண்டாவது பொத்தான் மட்டும் வெள்ளை. மற்றதெல்லாம் நீலம், அது மட்டும் வெள்ளை. திருவிழாவிலை காவடிச் சனத்துக்குள்ளை அறுந்து துலைஞ்சுபோச்செண்டு அம்மா, அப்பாவின்ர பழைய சேட்டிலை இருந்து வெட்டித் தைச்சுவிட்டவ. என்ர புதுச் சேட்டைப் பழுதாக்கிப் போட்டியள் எண்டு குகன் நிண்டு அழுதவன், மீசை முளைச்ச பெடியன். அம்மா சிரிச்சவ. ஐயோ, நான் மறந்துபோனன் பிள்ளை. வடிவாய் மறந்துபோனன். அவன்ர முகமே இப்ப எனக்கு மங்கலாய்த்தான் வாறது. அந்தப் பொத்தான்...

நான் அதை உமக்குச் சொல்லேல்லை. இப்ப, இந்தக் காருக்குள்ளை, சொல்லேல்லைத்தானே? எனக்கே ஞாபகமில்லாத பொத்தான் லண்டனிலை பிறந்த பிள்ளைக்கு என்னெண்டு தெரியும்? பாத்தீரோ மனுசனை, லண்டன் வரைக்கும் சொல்லித் திரிஞ்சிருக்கிறார்!

இல்லையோ? நீர் அவரைக் காணவே இல்லையோ? அவர் ஒருத்தருக்கும் சொல்லித் திரியேல்லை எண்டுறீர். அப்ப? அப்ப ஆர் சொன்னது?

நீர் ஏன் அழுறீர்? பாடப்போற ஆள் அழக்கூடாது, தொண்டை கட்டிப்போம்.

சரி, வாசலுக்கு வந்திட்டம். இறங்கும். நீர் மேலை போம், நான் வழமைபோலை கடைசிப் பாட்டுக்கு முன்னம் காரை... என்ன? கடைசிப் பாட்டுக்கு இருக்கட்டோ?

அவரும் இதைத்தான் சொன்னவர். இதே வாத்தை. கடைசிப் பாட்டுக்கு இரன் எண்டு. வீட்டு வாசலிலை வந்து நிண்டு, என்ர மனுசியிட்டையும்...

கையை விடும் பிள்ளை. வாறன். கிற்றாரை நான் தூக்கிறன், படியிலை பனி, வழுக்கும். இல்லை, இஞ்சினை நிப்பாட்டிட்டன். ஹீற்றரும் வேண்டாம். இண்டைக்குக் கார் குளிரட்டும்.